ரீஸ்டார்ட் செய்தும் ஓயாத ரீஸ்டார்ட் அறிவிப்பு: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

விண்டோஸ் கணினியில் ஒரு புதுப்பிப்பு நிறுவப்பட்டதும், ரீஸ்டார்ட் செய்யும்படி அறிவிப்பு வருவது இயல்பு. ரீஸ்டார்ட் செய்த பிறகு அது போய்விட வேண்டும். சில கணினிகளில் அது போவதில்லை. காலையில் சொன்னபடி செய்தாலும் மதியம் மீண்டும் வருகிறது, மறுநாளும் வருகிறது. சலிப்படைந்தவர்கள் அந்த அறிவிப்பே தோன்றாதபடி அணைத்துவிட வழி தேடுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினிக்குள் ஒரு வேலை பாதியில் நிற்கிறது என்பதையே அந்த அறிவிப்பு சொல்கிறது. பாதியில் நிற்பது பெரும்பாலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம். அறிவிப்பை மறைத்தால் ஓட்டை அப்படியே இருக்கும், நமக்குத் தெரிவது மட்டும் நின்றுபோகும்.

எதற்காக ரீஸ்டார்ட் கேட்கப்படுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவை எளிது. ஒரு நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போது, அது பயன்படுத்தும் கோப்பை விண்டோஸ் பூட்டியே வைத்திருக்கும். அந்தக் கோப்பை மாற்ற வந்த புதுப்பிப்பு, புதிய கோப்பைப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி தொடங்கும்போது பழையதை நீக்கி இதை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பை எழுதிவிடுகிறது. வேலை முடிந்ததும் குறிப்பு அழிக்கப்படும். இத்தகைய குறிப்புகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை: விண்டோஸ் அப்டேட் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது, விண்டோஸின் பாகங்களை நிறுவும் உட்பகுதி தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது, பிரிண்டர் மென்பொருள் முதலிய பிற நிரல்கள் தங்கள் கோரிக்கைகளை மூன்றாவதோர் இடத்தில் எழுதுகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று அழியாமல் நின்றாலும், ரீஸ்டார்ட் பாக்கி இருப்பதாகவே கணக்கு. ஆகவே, நாம் கண்டறிய வேண்டியவை இரண்டு: குறிப்பை எழுதியது யார், அது ஏன் அழியவில்லை.

முதலில், ரீஸ்டார்ட் உண்மையில் நடந்ததா?

நான் பார்த்த கணினிகளில் கணிசமானவற்றின் சிக்கல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் உள்ள ஒரு கடையின் பில் போடும் கணினியில் பல நாட்களாக இந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் இரவும் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவதாகக் கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவின் கீழே உள்ள ‘அப் டைம்’ என்னும் எண்ணைப் பார்த்தபோது, அந்தக் கணினி 23 நாட்களாக இடைவிடாமல் இயங்கி வருவதாக அது காட்டியது.

காரணம், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இது இருக்கிறது. இது இயக்கத்தில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், நாம் திறந்து வைத்த நிரல்கள் மூடப்படுகின்றன. ஆனால் விண்டோஸின் மையப்பகுதி மூடப்படாமல், தன் நிலையை அப்படியே வட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகிறது. மறுநாள் பொத்தானை அழுத்தியதும் அந்த நிலை வட்டிலிருந்து திரும்ப ஏற்றப்படுகிறது. கணினி விரைவாகத் திறக்கிறது, உண்மைதான். ஆனால் முழுமையான தொடக்கம் நிகழாததால், அதற்காகக் காத்திருக்கும் வேலைகள் காத்துக்கொண்டே இருக்கின்றன. ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குறுக்குவழி பயன்படுத்தப்படுவதில்லை. பெயரளவில் ஷட் டவுன் பெரிய செயலாகவும் ரீஸ்டார்ட் சிறிய செயலாகவும் தோன்றினாலும், இங்கே நிலைமை நேர்மாறானது.

ஆகவே, திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, மடிக்கணினியானால் சார்ஜரை இணைத்துவிட்டு, ஸ்டார்ட் மெனுவில் ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ இருந்தால் அதையும், இல்லையென்றால் வெறும் ‘ரீஸ்டார்ட்’ என்பதையும் கொடுங்கள். திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டிருக்கும்போது, எத்தனை நேரம் ஆனாலும், மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். மின்தடை அடிக்கடி ஏற்படும் ஊராக இருந்து, யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியாகவும் இருந்தால், மின்சாரம் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பாதியில் அணைந்த நிறுவல்தான் பின்னால் வரும் சிக்கல்கள் பலவற்றின் தொடக்கம். கணினி திரும்பி வந்ததும் அப் டைம் சில நிமிடங்களாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்து, அறிவிப்பும் போய்விட்டால், செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்பதைத் திறந்து, மாற்ற இயலாதபடி மங்கலாக இருக்கும் அமைப்புகளை அங்குள்ள இணைப்பின் வழியே திறந்துகொண்டு, ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் திறக்கும் வேகம் குறைவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

கேட்பது விண்டோஸா, வேறு நிரலா?

உண்மையான ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அறிவிப்பு வந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ரீஸ்டார்ட் தேவை என்று அந்தப் பக்கமே சொன்னால், கேட்பது விண்டோஸ். எல்லாம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று அந்தப் பக்கம் சொல்லியும் அறிவிப்பு வருமானால், கேட்பது வேறு நிரல். அறிவிப்புப் பெட்டியின் மேல்விளிம்பில் அதை அனுப்பிய நிரலின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. ஆன்ட்டிவைரஸ், பிரிண்டர் மென்பொருள், கிராஃபிக்ஸ் டிரைவர், கணினி தயாரிப்பாளரே நிறுவியனுப்பும் புதுப்பிப்பு நிரல் ஆகியவை வழக்கமாக இப்படிக் கேட்பவை. பிரவுசர் கேட்பது தன்னை மட்டும் மூடித் திறக்கச் சொல்லும் வேறு வகைக் கோரிக்கை. அதைக் கணினியின் ரீஸ்டார்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேறு நிரல்தான் என்று தெரிந்தால், அதை முழுமையாக நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பதிப்பைத் தரவிறக்கி நிறுவுவதே நேர்வழி.

ஒரே புதுப்பிப்பு திரும்பத் திரும்பத் தோற்கும்போது

கேட்பது விண்டோஸ்தான் என்றால், பெரும்பாலும் நடப்பது இதுதான்: புதுப்பிப்பு நிறுவத் தொடங்குகிறது, ரீஸ்டார்ட் கேட்கிறது, தொடங்கும்போது இறுதிக்கட்டத்தில் தோற்கிறது, செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறது, சில மணி நேரம் கழித்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பயனருக்குத் தெரிவதோ ரீஸ்டார்ட் அறிவிப்பு மட்டும்தான். இதை உறுதிசெய்ய, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘அப்டேட் ஹிஸ்டரி’ பட்டியலைப் பாருங்கள். கேபி என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஒரே எண் பலமுறை தோல்வியுற்றதாக இருந்தால், குற்றவாளி அதுவே. அந்த எண்ணையும், அதனோடு காட்டப்படும் பிழைக்குறியீட்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒரு படியில் இந்தப் பட்டியல் அழிந்துவிடும். தேதிவாரியாகப் பார்க்க விரும்புவோர், தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் வரும் வரலாற்றுப் பக்கத்தைத் திறக்கலாம். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது தோற்றது என்பதை அது வரைபடமாகவே காட்டும். இத்தனை பயனுள்ள பக்கத்தை விண்டோஸ் ஏன் இவ்வளவு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

குறியீடு 0எக்ஸ்80070070 என்றால் வட்டில் இடம் போதவில்லை. சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கும்படி, செட்டிங்ஸின் ஸ்டோரேஜ் பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் இருக்கும் என்பதால், டிக் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். குறியீடு 0எக்ஸ்800எஃப்0922 என்றால், வட்டில் விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சிறு பகுதியில் (பார்ட்டிஷன்) இடம் போதாமல் இருக்கலாம், அல்லது இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியே செலுத்தும் விபிஎன் குறுக்கிட்டிருக்கலாம்; விபிஎன்னைத் துண்டித்து ஒருமுறை முயல்வது எளிது. குறியீடு 0எக்ஸ்80073712 என்றால், புதுப்பிப்புக்குத் தேவையான விண்டோஸ் கோப்புகள் சில சிதைந்துள்ளன அல்லது காணவில்லை; அவற்றைப் பழுதுபார்க்கும் முறை கீழே வருகிறது. எந்தக் குறியீடானாலும், யுஎஸ்பி வழியே இணைத்திருக்கும் பென்டிரைவ், வெளிவட்டு, மெமரி கார்டு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு முயலுங்கள்.

இவற்றால் தீரவில்லையென்றால், விண்டோஸ் 11 ஆனால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் டிரபிள்ஷூட், அதனுள் மற்ற டிரபிள்ஷூட்டர்கள் என்று சென்று, விண்டோஸ் அப்டேட்டுக்கு உரியதை இயக்கிப் பாருங்கள். அதுவும் பயன் தரவில்லையென்றால், தரவிறங்கிய கோப்புகளே பழுதாகியிருக்கலாம். பின்னணியில் இயங்கும் சேவைகளைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலைத் தேடல் பெட்டி வழியே திறந்து, ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்’ ஆகிய இரண்டையும் நிறுத்துங்கள். பிறகு சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். அதை அழிக்க வேண்டியதில்லை. பெயர் மாறினாலே போதும், விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். இரு சேவைகளையும் மீண்டும் தொடங்கி, ரீஸ்டார்ட் செய்து, புதுப்பிப்புகளைத் தேடச் சொல்லுங்கள். மேலே சொன்ன வரலாற்றுப் பட்டியல் இப்போது காலியாகத் தெரியும். நிறுவப்பட்ட புதுப்பிப்புகள் எதுவும் போய்விடவில்லை.

அடுத்தது விண்டோஸின் சொந்தக் கோப்புகளைப் பழுதுபார்ப்பது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டி-ஐ-எஸ்-எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும், அதன்பின் ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரெஸ்டோர்ஹெல்த் என்ற மூன்று சொற்களையும், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் ஒரு முன்சாய்கோடும் இட்டு, ஆங்கிலத்தில் தட்டுங்கள். கிளீனப், இமேஜ் இரண்டுக்கும் நடுவே சிறுகோடு வரும், ரெஸ்டோர்ஹெல்த் ஒரே சொல். இணைய இணைப்பு இருக்க வேண்டும். இடையில் ஒரே விழுக்காட்டில் நெடுநேரம் நிற்கும்; பொறுத்திருங்கள். அது முடிந்த பிறகே, எஸ்-எஃப்-சி என்று தட்டி, இடைவெளியும் முன்சாய்கோடும் இட்டு, ஸ்கேன்நவ் என்பதை ஒரே சொல்லாகத் தட்டுங்கள். இந்த வரிசை முக்கியம். இரண்டாவது கட்டளை, சிதைந்த கோப்புக்கு மாற்றான நல்ல பிரதியை விண்டோஸ் வைத்திருக்கும் சேமிப்பிலிருந்து எடுக்கிறது. அந்தச் சேமிப்பையே சரிசெய்வது முதல் கட்டளை.

விண்டோஸ் 11இல் இதற்கும் மேலாக ஒரு நல்ல வழி உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் ரெக்கவரி பக்கத்தில், விண்டோஸ் அப்டேட் வழியே சிக்கலைத் தீர்ப்பது என்ற தலைப்பின் கீழ் ‘ரீஇன்ஸ்டால் நவ்’ என்று இருக்கும். அதே பதிப்பை அதன் மேலேயே மறுபடி நிறுவும் இந்த முறை, கோப்புகளையும் நிரல்களையும் அமைப்புகளையும் வைத்துக்கொள்ளும். ஆனாலும், முக்கியமான கோப்புகளை வெளிவட்டில் படியெடுக்காமல் இதைத் தொடங்காதீர்கள். வட்டில் உள்ளவற்றைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் உள்ள கணினியானால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீ உங்கள் கையில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

ரெஜிஸ்ட்ரியில் தங்கிய குறிப்பு

புதுப்பிப்புகள் எல்லாம் வெற்றியென்று காட்டியும், ஏதேனும் ஒரு மென்பொருளை நிறுவப் போகும்போது ‘முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்ற தடை மட்டும் விடாமல் வருமானால், பிற நிரல்கள் எழுதுவதாகத் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது இடத்தில் ஒரு குறிப்பு தங்கியிருக்கலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று வரிசையாகச் சென்றால், வலப்பக்கத்தில் ‘பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்’ என்று ஒரு பதிவு இருக்கக்கூடும். அதைத் திறந்து படியுங்கள், எதையும் அழிக்காதீர்கள். அதில் உள்ள கோப்புப் பாதைகளைப் பார்த்தாலே எந்த நிரலுக்கு உரியவை என்பது தெரிந்துவிடும். என் கணினியில் ஒருமுறை அங்கே ஒரு பழைய பிரிண்டரின் உதவி நிரல் இருந்தது. பிரிண்டரை விற்றுப் பல மாதங்கள் ஆகியும், அந்த நிரல் ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் தன் தற்காலிகக் கோப்பு ஒன்றை அழிக்கச் சொல்லிப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. பதிவை மட்டும் அழித்திருந்தால் அடுத்த நாளே திரும்ப வந்திருக்கும். நிரலை நீக்கியதும் பதிவும் நின்றது. விண்டோஸ் தன் பாகங்களுக்காக வேறிடத்தில் வைத்திருக்கும் குறிப்பையோ ஒருபோதும் கையால் அழிக்கக் கூடாது. பாதி நிறுவிய பாகங்களோடு கணினி திறக்காமலே போகலாம்.

அலுவலகக் கணினிகளுக்கு இவற்றில் பல பொருந்தா. சில அமைப்புகள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகின்றன என்று அப்டேட் பக்கம் சொன்னால், ரீஸ்டார்ட் கெடுவை விதித்திருப்பது உங்கள் ஐடி பிரிவு. எழுதி வைத்த கேபி எண்ணையும் பிழைக்குறியீட்டையும் அவர்களிடம் கொடுங்கள்.

எல்லாம் செய்தும் ஒரே புதுப்பிப்பு மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தால், புதுப்பிப்புகளை ஓரிரு வாரங்களுக்கு இடைநிறுத்தி வைக்கலாம். விண்டோஸ் 11 அதிகபட்சம் 5 வாரங்கள் வரை அனுமதிக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. இந்திய, இலங்கை நேரப்படி அது செவ்வாய் இரவு என்பதால், பெரும்பாலும் புதன்கிழமையன்றே நம் கணினிகளில் தெரியும். ஒவ்வொரு மாதத் தொகுப்பிலும் முந்தைய மாதங்களின் திருத்தங்களும் சேர்ந்தே வருவதால், தோற்ற தொகுப்பை விட்டுவிட்டு அடுத்ததை நிறுவினாலும் எதுவும் விடுபடாது. அது நிறுவப்பட்டதும் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்து, அப் டைம் குறைந்திருக்கிறதா, அப்டேட் ஹிஸ்டரியில் இந்தப் புதிய தொகுப்பின் எண் வெற்றியெனப் பதிவாகியிருக்கிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டு, இடையில் பெயர் மாற்றி வைத்த பழைய கோப்புறையை அழித்துவிடலாம்.