பாதி டேங்க் இருக்கிறதே என்று கிளம்பாதீர்கள்: அவுட்பேக் பயணத்தில் பெட்ரோல் கணக்குத் தவறுகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சுமார் 285 கிலோமீட்டரில் கிளெண்டாம்போ வரும். அதைத் தாண்டிவிட்டால் கூபர் பீடி வரை, கிட்டத்தட்ட 250 கி.மீ.க்கு, பெட்ரோல் கிடையாது. கிளெண்டாம்போவை நெருங்கும்போது பலருடைய வண்டியில் பெட்ரோல் முள் பாதியில் நிற்கும். மெல்பர்னிலோ சிட்னியிலோ பாதி டேங்க் என்றால் யாரும் பங்க் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே பழக்கத்தில் இங்கேயும் நிறுத்தாமல் போகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 லிட்டர் டேங்க் உள்ள சாதாரண எஸ்யூவி. கம்பெனி சொல்லும் செலவு 100 கி.மீ.க்கு 8 லிட்டர், அதாவது லிட்டருக்குப் பன்னிரண்டரை கி.மீ. அந்தக் கணக்கில் ஒரு டேங்குக்கு 750 கி.மீ. ஓடும். போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி வெறும் 540 தானே, ஒரே டேங்கில் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், கூரைமேல் ஒரு பெட்டி, விடாமல் ஓடும் ஏசி, மணிக்கு 110 கி.மீ. வேகம். இப்படிப் போகும்போது 100 கி.மீ.க்கு 11 லிட்டர் ஆவது சாதாரணம். கிளெண்டாம்போ வருவதற்குள் 31 லிட்டர் போயிருக்கும். மிச்சம் 29. முள் பாதியைக் காட்டும். அடியில் கிடக்கும் கடைசி 5 லிட்டரை நம்பக்கூடாது என்பதால் உண்மையில் கையில் இருப்பது 24 லிட்டர். அது 220 கி.மீ.க்குத்தான் வரும். கூபர் பீடி அதற்கும் அப்பால் இருக்கிறது.

அவுட்பேக் எனப்படும் ஆளரவமற்ற உள்நாட்டுப் பகுதியில் பெட்ரோல் தீர்ந்து நிற்பவர்கள் எல்லாரும் அசட்டையான ஆட்கள் இல்லை. கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஆனால் அது நல்ல நாளுக்கான கணக்கு. வண்டி நன்றாக மைலேஜ் கொடுக்கும், அடுத்த ரோட்ஹவுஸ் (பங்க்கோடு சேர்ந்த சாலையோரக் கடை) திறந்திருக்கும், அங்கே நமக்கு வேண்டிய எரிபொருள் இருக்கும், பாதை மூடியிருக்காது என்று நான்கையும் சேர்த்து நம்புகிறோம். அதில் ஒன்று பிசகினாலும் நிற்க வேண்டியதுதான்.

நகரத்து மைலேஜை அப்படியே நம்புவது

வேகத்தைக் கூட்டினால் காற்று வண்டியைத் தடுக்கும் விசை அதைவிட வேகமாகக் கூடுகிறது. மணிக்கு 90 கி.மீ.யில் போவதற்கும் 110-இல் போவதற்கும் இடையே காற்றுத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். நார்தர்ன் டெரிட்டரியில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் 130 வரை போகலாம். சட்டம் விடுகிறது என்பதற்காக அந்த வேகத்தில் விரட்டினால் டேங்க் கண்ணெதிரே இறங்கும்.

எதிர்க்காற்றைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. நல்லர்போர் சமவெளியில் காற்றை மறிக்க ஒரு மரம்கூட இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. நீங்கள் 100-இல் போகும்போது எதிரே 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், வண்டி 140-இல் போகிற மாதிரிதான் காற்றோடு மல்லுக்கட்டும். தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பின்னால் கேரவனும் இருந்தால் கேட்கவே வேண்டாம். முந்தின நாள் அதே வண்டி அதே வேகத்தில் கொடுத்த மைலேஜ் இன்று வராது. அதனால் டேஷ்போர்டில் ‘இன்னும் இத்தனை கி.மீ. ஓடும்’ என்று வரும் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதுவரை ஓட்டிய விதத்தை வைத்து அது போடும் ஊகம் அது. இனி வரப்போகும் காற்றும் மணலும் அதற்குத் தெரியாது.

மணல் தனிக் கதை. சிம்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடப்பவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். மவுண்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கி.மீ.க்கு மேல், நடுவில் பங்க் எதுவும் இல்லை. அங்கே செலவு இரண்டு மடங்காவது சகஜம். டயர் காற்றைக் குறைக்காமல் ஓட்டினால் இன்னும் கூடும்.

செய்ய வேண்டியது சுலபம். பயணத்துக்கு முன்பே ஒருமுறை, முழுச் சுமையோடு, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். நிரப்பிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் எழுதிவைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். லிட்டருக்கு வரும் கி.மீ.யை டேங்க் அளவால் பெருக்கி, அதில் கால் பங்கைக் கழித்துவிட்டால் தார்ச்சாலைக்கு நம்பக்கூடிய தூரம் கிடைக்கும். மண் பாதைக்கும் மணலுக்கும் இன்னும் கழிக்க வேண்டும்.

ஒரே ஒரு ரோட்ஹவுஸை நம்பி இருப்பது

எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். வரைபடத்தில் பங்க் படம் போட்டிருந்தால் அங்கே போனதும் பெட்ரோல் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். அவுட்பேக் ரோட்ஹவுஸ் பல இடங்களில் சொந்த ஜெனரேட்டரில் ஓடுகிறது. ஜெனரேட்டர் நின்றால் பம்பும் நிற்கும். எரிபொருள் லாரி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டால் பம்ப் இருந்தும் பயனில்லை. வேலைக்கு ஆள் கிடைக்காமல் மூடுவதும் உண்டு.

நிரந்தரமாக மூடிய இடங்களும் இருக்கின்றன. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஹால்ஸ் க்ரீக் போகும் தனாமி சாலையில் ராபிட் ஃபிளாட் ரோட்ஹவுஸ் பல பத்தாண்டுகளாகப் பயணிகளுக்குக் கைகொடுத்தது. 2010-ஆம் ஆண்டு முடிவோடு அது மூடப்பட்டது. அதற்கு முன் அச்சான வரைபடத்தையோ யாரோ எப்போதோ எழுதிய பயணக் குறிப்பையோ நம்பிப் போனால் அங்கே ஒரு சொட்டுகூடக் கிடைக்காது.

நான் சொல்லும் வழி: தனித்து நிற்கும் ரோட்ஹவுஸ் என்றால், அதற்கு அடுத்த நிறுத்தம் வரை போகும் அளவு எரிபொருள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரும் அளவாவது வேண்டும். கூபர் பீடி போல ஒன்றுக்கு மேற்பட்ட பங்க் உள்ள ஊர்களுக்கு இவ்வளவு கறார் வேண்டாம். நல்லர்போரில் எயர் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நார்ஸ்மனிலிருந்து பலடோனியா சுமார் 190 கி.மீ., அங்கிருந்து கைகூனா சுமார் 180. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வண்டியும் தாண்டிவிடும். பலடோனியாவில் ஏதோ காரணத்தால் கிடைக்கவில்லை என்றால்? 370 கி.மீ. ஓடும் எரிபொருள் இருக்கிறதா என்பதுதான் நார்ஸ்மனில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆகவே ரோட்ஹவுஸைக் கண்டால் நிரப்புங்கள், முக்கால் டேங்க் இருந்தாலும். ‘விலை அநியாயம், அடுத்த ஊரில் குறைவாக இருக்கும்’ என்று கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. லிட்டருக்கு 50 சென்ட் அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். 30 லிட்டருக்கு 15 டாலர். ஆளில்லாத இடத்தில் நின்றுவிட்ட வண்டிக்கு உதவி வரவழைக்கும் செலவு இதற்குப் பக்கத்திலேயே வராது. வாகன உதவிச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலும் எத்தனை கி.மீ. வரை இலவசம் என்பதற்கு வரம்பு உண்டு. அவ்வளவு தூரம் டேங்கரில் கொண்டுவந்து, ஜெனரேட்டர் வைத்து இறைத்துக் கொடுக்கிற பெட்ரோல் நகர விலைக்குக் கிடைக்காதுதான்.

திறந்திருக்கும் நேரத்தைக் கேட்காமல் போவது

பெரிய நெடுஞ்சாலைகளில் சில இடங்கள் இரவும் திறந்திருக்கும். பல இடங்கள் மாலையிலேயே மூடிவிடும். பழங்குடிச் சமூகக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை பம்ப் இயங்காமல் இருக்கலாம். ஊரில் சாவு விழுந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மூடுவார்கள். அது அவர்களுடைய துக்க முறை, அதை மதிக்க வேண்டியது நாம்தான். கிளம்புவதற்கு முந்தின நாளே போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மணி வரை திறந்திருக்கும், பெட்ரோல் டீசல் இரண்டும் இருக்கிறதா, கார்டு வேலை செய்கிறதா. செயற்கைக்கோள் இணைப்பு போய்விட்டால் கார்டு மெஷினும் போய்விடும். அதனால் இரண்டு டேங்க் நிரப்பும் அளவு ரொக்கம் கையில் இருக்கட்டும்.

விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால் முந்தின மாலையே நிரப்பிவிடுங்கள். உலுரு என்ற பெரும் பாறையைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உள்ள எர்ல்டண்டாவிலிருந்து, உலுருவுக்குப் பக்கத்துத் தங்குமிட ஊரான யுலாரா சுமார் 250 கி.மீ. என்று எழுதிவைத்திருப்பார்கள். யுலாராவில் தங்கும் இரண்டு நாளில் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் உலுரு போய்வருவது, கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளுக்குப் போக 50 வர 50 என்று இன்னொரு 200 கி.மீ. ஓடிவிடும். அது எந்தக் கணக்கிலும் இருக்காது.

எந்த எரிபொருள் என்று பார்க்காமல் விடுவது

மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்டனிலிருந்து யுலாரா வரை 1,100 கி.மீ. நீளும் கிரேட் சென்ட்ரல் சாலையில் வழக்கமான பெட்ரோல் கிடைக்காது. ‘ஓபல்’ என்ற வகைதான் இருக்கும். ஒதுக்குப்புறச் சமூகங்களில் பெட்ரோலை முகர்ந்து போதை ஏற்றும் பழக்கம் பல இளைஞர்களின் உயிரைக் குடித்தது. அதைத் தடுக்க, போதை தரும் நறுமணச் சேர்மங்களைக் குறைத்து பிபி நிறுவனம் தயாரித்த பெட்ரோல் இது. 2005 முதல் விநியோகத்தில் இருக்கிறது. சில இடங்களில் பம்புகளே இரும்புக் கூண்டுக்குள் பூட்டியிருக்கும். ஆள் வந்து பூட்டைத் திறந்த பிறகுதான் குழாயை எடுக்க முடியும். 91 ஆக்டேன் பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு ஓபல் ஒன்றும் செய்யாது. 95 அல்லது 98 கட்டாயம் என்று கையேட்டில் போட்டிருக்கும் வண்டியானால், அந்த வழியில் இறங்கும் முன் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

புது டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஆட்புளூவை, அதாவது புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் திரவத்தை, மறந்துவிடுகிறார்கள். டீசல் முழுதாக இருந்தாலும், ஆட்புளூ தீர்ந்த பிறகு வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஒரு 10 லிட்டர் கேன் கூடவே இருப்பது நல்லது.

ஜெர்ரி கேன் இருக்கிறதே என்ற தைரியம்

கூடுதல் எரிபொருள் கொண்டுபோகும் இந்தக் கேன், கணக்கு தவறும் நாளுக்கான கையிருப்பு. அதையும் சேர்த்து தூரம் போட்டால் கையிருப்பே இல்லாமல் போகிறது. பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள் என்பது அங்கே வழக்கம். ஆஸ்திரேலியத் தரமுத்திரை உள்ள கேனையே வாங்குங்கள். நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பம்ப் குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி மெதுவாக விடுங்கள். டிக்கியில் வைத்தபடியே நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி தட்டித் தீப்பிடிக்கலாம். வெயிலில் பெட்ரோல் விரியும், அதனால் கழுத்துவரை நிரப்பக்கூடாது. குழந்தைகளும் பெரியவர்களும் உட்காரும் பகுதிக்குள் கேனை வைக்கவே வைக்காதீர்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கூடுதல் எரிபொருள் கொண்டுபோவதையும் மண் சாலையில் இறங்குவதையும் பல ஒப்பந்தங்கள் தடைசெய்கின்றன.

பாதை மூடினால் என்ன செய்வது என்று யோசிக்காதது

2019 டிசம்பர் இறுதியில் காட்டுத்தீயால் எயர் நெடுஞ்சாலை பல நாள் மூடிக்கிடந்தது. 2022 ஜனவரியில் வெள்ளம் வந்து கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் நடுவே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை அறுத்தது. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் நார்தர்ன் நெடுஞ்சாலையில் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பாலமே சிதைந்தது. இவை நாட்டின் முக்கியச் சாலைகள். மண் பாதைகள் ஒரு நல்ல மழைக்கே மூடிவிடும், மூடிய பாதையில் ஓட்டினால் கடும் அபராதம். மாநிலச் சாலைத் துறையின் நிலவரத்தைத் தினமும் காலையில் பாருங்கள். எங்கே நின்றாலும் வந்த வழியே திரும்ப எவ்வளவு வேண்டும் என்ற எண் மனதில் இருக்க வேண்டும்.

எல்லாம் மீறி முள் கீழே இறங்கிவிட்டால் வேகத்தை 80-க்குக் குறையுங்கள், பின்னால் வரும் ரோடு டிரெயின்களை (பல டிரெய்லர்களை இழுக்கும் நீண்ட லாரிகள்) பார்த்து வழிவிட்டபடி. செலவு கணிசமாகக் குறையும். டீசல் வண்டியை ஒட்ட வறளவிடாதீர்கள். குழாய்களில் காற்று புகுந்துவிட்டால், டீசல் ஊற்றிய பிறகும் அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் பல வண்டிகள் கிளம்பும். நின்றே போனால் சாலையை விட்டு நன்றாக ஒதுக்கி நிறுத்தி, வண்டியோடேயே இருங்கள். பக்கத்தில்தான் ஊர் இருக்கும் என்று வெயிலில் நடக்கத் தொடங்கியவர்கள் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். ஆளுக்கு, நாளுக்குச் சில லிட்டர் என்று தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் அவர்களுடைய மாத்திரைகளும் இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். ஊர் எல்லை தாண்டியதும் செல்போன் சிக்னல் போய்விடும். வண்டிக்கு வண்டி பேசும் யுஎச்எஃப் ரேடியோ இருந்தால் லாரி ஓட்டுநர்கள் பேசும் 40-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் போய்ச் சேர்ந்து போன் செய்வீர்கள் என்று காலையிலேயே ஒருவரிடம் சொல்லிவைத்துக் கிளம்புங்கள். அந்த நேரம் தாண்டினால் யாருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.