வாலி வதையை வகுப்பில் விவாதிக்கும்போது செய்யக் கூடாதவை

மார்பில் அம்பு தைத்துக் கிடப்பவன் கேள்வி கேட்கிறான். எய்தவன் பதில் சொல்லியாக வேண்டும். அறத்தைப் பற்றி மாணவர்களைப் பேசவைக்கக் கம்பராமாயணத்தின் இந்தப் பகுதியைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அதை வகுப்பில் வீணடிப்பது வருத்தம் தருகிறது.

முதல் தவறு, உடனே பட்டிமன்றம் வைத்துவிடுவது. ‘இராமன் செய்தது சரியா, தவறா’ என்று கரும்பலகையில் எழுதி வகுப்பை இரண்டாகப் பிரித்த நிமிடமே, மாணவர்கள் செய்யுளை மூடிவைத்துவிட்டு அவரவர் அணிக்கு வக்கீலாகிவிடுகிறார்கள். இங்கே இருப்பவை இரண்டு கேள்விகள். வாலி தண்டனைக்கு உரியவனா? உரியவனே என்றாலும் மறைந்து நின்று எய்யலாமா? முதலாவதற்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘கூடாது’ என்றும் நினைக்கும் மாணவி எந்த அணியில் உட்காருவாள்?

வாதங்களை வரிசையாகப் படிக்காமல் தீர்ப்புக்குத் தாவுவது அடுத்த தவறு. அரக்கர் செய்த தீங்குக்காகக் குரங்கினத்து அரசனைக் கொல்லும்படி மனுநெறி சொல்கிறதா என்று கேட்கிறான் வாலி. தம்பி சுக்கிரீவனின் மனைவியைக் கவர்ந்தாயே என்கிறான் இராமன். மனிதருக்கு உரிய மணநெறி எங்கள் இனத்துக்கு இல்லை என்பது வாலியின் தற்காப்பு. நன்மை தீமை அறிந்து பேசுகிற நீ வெறும் விலங்காக முடியாது என்று, யானையான கசேந்திரனையும் கழுகான சடாயுவையும் காட்டி மடக்குகிறான் இராமன். வாலியின் வாதத் திறமையே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிடும் இந்த இடத்தில் வகுப்பு சற்று நிற்க வேண்டும்.

பிறகு வாலி கேட்கிறான்: வேடரைப் போல ஏன் மறைந்து எய்தாய்? இதற்கு இராமன் வாய் திறப்பதில்லை. இலக்குவன் பதில் சொல்கிறான். உன் தம்பி முதலில் சரணடைந்தான்; இராமன் எதிரே வந்திருந்தால் உயிராசையால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய் என்று. அடைக்கலம் புகுந்தவனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், போரின் நேர்மை மறுபக்கம். இரண்டும் மதிக்கத் தக்கவை. இரண்டையும் ஒருசேரக் காக்க வழியில்லை. ‘நல்லவன் கெட்டவனை வென்றான்’ என்று சொல்லிக் கடந்தால் இந்த மோதல் யார் கண்ணிலும் படாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘வாலியே ஒப்புக்கொண்டுவிட்டான், பிறகென்ன’ என்று விவாதத்தை முடிப்பது. ஒருவர் இணங்கிவிட்டார் என்பதாலேயே வாதம் சரியாகிவிடாது. நொய்ந்த வாதத்துக்கும் மனிதர்கள் இணங்குகிறார்கள். வலுவான வாதத்துக்கும் அசையாமல் இருக்கிறார்கள். வாலியின் மனத்தை மாற்றியது இலக்குவன் சொன்ன காரணமா, நெருங்கிவிட்ட மரணமா, எதிரே நிற்பவன் பரம்பொருள் என்ற உணர்வா? செய்யுளைக் காட்டி மாணவர்கள் விடை சொல்லட்டும். மதுவுண்டு மதி மயங்கித் தம்பி தவறு செய்தாலும், என்மேல் ஏவிய அம்பாகிய கூற்றுவனை அவன்மேல் ஏவாதே என்று வாலி பிறகு வேண்டுவதையும் சேர்த்துப் படிக்கவையுங்கள்.

பக்தியுள்ள வீட்டுப் பிள்ளையையும் பகுத்தறிவு பேசும் வீட்டுப் பிள்ளையையும் அவரவர் தரப்பின் பிரதிநிதியாக எழுப்பி நிறுத்தாதீர்கள். ஆசிரியர் தம் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால், மதிப்பெண்ணை நினைத்து வகுப்பு அதையே திருப்பிச் சொல்லும்.

நேரம் இருந்தால் வான்மீகியையும் ஒப்பிடலாம். அங்கே மறைந்து எய்ததற்கு இராமனே பதில் சொல்கிறான், விலங்கை மறைந்து நின்று வேட்டையாடுவது குற்றமாகாது என்று. கம்பன் ஏன் பேசுபவனையும் காரணத்தையும் மாற்றினான் என்று கேட்டுவிட்டு, மாணவர்கள் யோசிக்கும்வரை பொறுத்திருங்கள்.