எஸ்கேப் குறிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு பின்சாய்வுக்கோடு ஏன் மூன்றாகிறது?

`"தரவு\2024\அறிக்கை"` என்று ஒரு கோப்புப் பாதையைப் பைதான் நிரலில் எழுதினால், கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். கோப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. பாதையிலும் எழுத்துப்பிழை இல்லை. சிக்கல் எஸ்கேப்பில் இருக்கிறது: நேராக எழுத முடியாத அல்லது சிறப்புப் பொருளுள்ள ஒரு குறியை, பின்சாய்வுக்கோடு (`\`) போன்ற ஓர் அடையாளத்தோடு மாற்று வடிவில் எழுதுவதே எஸ்கேப்; அதை மீண்டும் மூலக் குறியாக்குவது அன்எஸ்கேப். பின்சாய்வுக்கோட்டை அடுத்து 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் வந்தால், மூன்று இலக்கங்கள் வரை சேர்த்து எண்ணடிமான எண்ணாக வாசிப்பது பைதானின் விதி. அதனால் `\202` என்பது 130 என்ற குறியெண்ணுடைய, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியாகிவிடுகிறது. மிஞ்சிய 4 மட்டும் தனியே நிற்கிறது. இதே சரத்தில் (மேற்கோள்களுக்குள் உள்ள எழுத்துத் தொடரில்) பின்னால் வரும் `\அ` என்பதற்குச் சிறப்புப் பொருள் எதுவும் இல்லாததால், பைதான் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கோட்டை ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிட்டு, `அ` என்ற எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். ஜாவாவின் கம்பைலர் பிழை என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். இம்மூன்றில் ஜாவா செய்வதுதான் நிரலருக்கு நல்லது, பைதானும் 3.12 பதிப்பிலிருந்து இத்தகைய இடங்களில் கண்ணில் படும்படி எச்சரிக்கை தருகிறது.

இப்பிழையைத் தேடப் புகுந்தவர் அடுத்ததாக விழும் பள்ளம், திரையில் தெரிவதையே தரவு என்று நம்பிவிடுவது. பைதானின் ஊடாடு முனையத்தில் ஒரு மாறியின் பெயரை மட்டும் தட்டினால், அது சரத்தின் உள்ளடக்கத்தைக் காட்டுவதில்லை. அதே சரத்தை மீண்டும் நிரலில் எழுதுவதானால் எப்படி எழுத வேண்டுமோ அந்த வடிவத்தைக் காட்டுகிறது. ஒரே ஒரு பின்சாய்வுக்கோட்டைக் கொண்ட சரம் அங்கே `'\\'` என்று தெரியும். அதைக் கண்டு, கோடு இரட்டித்துவிட்டது என்று முடிவுசெய்து, இரண்டை ஒன்றாக்கும் ரிப்ளேஸ் கட்டளை ஒன்றைச் சேர்ப்பவர்கள், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து உண்மையான நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள். பிழைதிருத்திகளின் மாறிப் பலகத்திலும், ஜேசான் என்ற தரவுப் பரிமாற்ற வடிவில் எழுதப்படும் பதிவுக் கோப்புகளிலும் இதே மயக்கம் உண்டு. சரத்தின் நீளத்தை அச்சிட்டுப் பார்ப்பதே சந்தேகத்தைத் தீர்க்கும் எளிய வழி: நீளம் 1 என்றால் உள்ளே இருப்பது ஒரு கோடுதான்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு விஷயம். எஸ்கேப் செய்யப்பட்டிருத்தல் என்பது உரையின் குணமன்று. அந்த உரை ஓர் எல்லையைக் கடக்கும்போது அணியும் வடிவம். நிரல் மூலத்திலிருந்து நினைவகத்துக்கு, நினைவகத்திலிருந்து ஜேசானுக்கு, அங்கிருந்து இணையப் பக்கத்துக்கு என ஒவ்வோர் எல்லைக்கும் தனித்தனி விதி இருக்கிறது. ஓர் எல்லையில் ஒரு முறை எஸ்கேப் செய்தால், அதன் மறுபுறத்தில் அதே விதிப்படி ஒரே ஒரு முறை அன்எஸ்கேப் செய்யப்பட வேண்டும். இந்தக் கணக்கு தவறும் இடங்களில்தான் ஏறக்குறைய எல்லாப் பிழைகளும் பிறக்கின்றன. (பின்சாய்வுக்கோடு இந்த வேலைக்காகப் பிறந்த குறி அன்று. 1960-களின் தொடக்கத்தில் அது ஆஸ்கி என்ற எழுத்துக் குறியெண் தொகுப்பில் இடம்பெறக் காரணமாக இருந்தவர் பாப் பீமர். ஆல்கால் மொழியின் தருக்கக் குறிகளை `/\` என்றும் `\/` என்றும் சேர்த்து எழுத அது வேண்டியிருந்தது. எஸ்கேப் வேலைக்கு அதைப் பரவலாகப் பழக்கியவை யுனிக்ஸும் சி மொழியும்.)

மாற்றும் வரிசை

எஸ்கேப் செய்வதற்கான செயற்கூற்றைத் தாமே எழுதுபவர்கள், வரிசையாகச் சில ரிப்ளேஸ் கட்டளைகளை அடுக்குவது வழக்கம். எச்டிஎம்எல் பக்கத்துக்காக `<` குறியை `&#60;` என்றும், `&` குறியை `&#38;` என்றும் மாற்ற வேண்டும் என வைத்துக்கொள்வோம். முதலில் `<` குறியை மாற்றினால் `&#60;` கிடைக்கும்; அடுத்து `&` குறியை மாற்றும் கட்டளை, நாமே இப்போது உண்டாக்கிய `&` மீதும் பாய்ந்து, அதை `&#38;#60;` ஆக்கிவிடும். வாசகர் திரையில் `<` தெரிய வேண்டிய இடத்தில் `&#60;` என்ற எழுத்துகளே தெரியும். ஆகவே எஸ்கேப் செய்யும்போது `&` முதலில் மாற வேண்டும்; அன்எஸ்கேப் செய்யும்போது அது கடைசியில் மாற வேண்டும்.

இதைக் கற்றவர்கள், பின்சாய்வுக்கோட்டுக்கும் வரிசையைச் சரிசெய்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. எஸ்கேப் செய்யும் திசையில் அது உண்மையும்கூட. அன்எஸ்கேப் செய்யும் திசையிலோ எந்த வரிசையும் உதவாது. `\\0` என்ற மூன்று குறிகளை எடுத்துக்கொள்வோம். சி மொழி விதிப்படி இதன் பொருள், ஒரு பின்சாய்வுக்கோடும் அதையடுத்து ஒரு பூஜ்ஜிய இலக்கமும். `\0` என்பதை, குறியெண் 0 உடைய வெற்றுக்குறியாக மாற்றும் கட்டளை முதலில் ஓடினால், இரண்டாவது கோட்டையும் பூஜ்ஜியத்தையும் சேர்த்து அது விழுங்கிவிடும். கோடும் வெற்றுக்குறியும் மிஞ்சும். `\\` என்பதை ஒற்றைக் கோடாக்கும் கட்டளை முதலில் ஓடினால், `\0` உருவாகி, அடுத்த கட்டளையில் அது வெற்றுக்குறியாகும். இரண்டு விடைகளுமே தவறு. எச்டிஎம்எல் முறையில் `&` எஸ்கேப் ஆனபின் அதற்கும் அடுத்து வரும் எழுத்துகளுக்கும் நடுவே `#38;` என்ற எழுத்துகள் நிற்பதால் குழப்பம் வருவதில்லை; பின்சாய்வுக்கோடு தன்னைத்தானே இரட்டித்து எஸ்கேப் ஆவதால், இரண்டாவது கோடு புதிய எஸ்கேப்பின் தொடக்கம் போலவே காட்சியளிக்கிறது. இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில், ஒரு கோட்டைக் கண்டவுடன் அதற்கு அடுத்த குறியையும் சேர்த்து எடுத்து, பொருள் கண்டு, இரண்டையும் தாண்டி நகர்வது ஒன்றே சரியான முறை.

எஸ்கேப் எங்கே முடிகிறது என்பதும் மொழிக்கு மொழி மாறும். சி மொழியில் `\0` எழுதி அதையடுத்து 12 என்ற இலக்கங்களை எழுதினால், வெற்றுக்குறியும் பன்னிரண்டும் கிடைக்காது. `\012` என்பது வரிமுறிவு. அம்மொழியின் பதினாறடிமான எஸ்கேப்புக்கோ நீள வரம்பே இல்லை. பதினாறடிமான இலக்கம் அல்லாத ஒன்று வரும்வரை வாசித்துக்கொண்டே போகும். பைதானில் அதே எஸ்கேப் மிகச் சரியாக இரண்டு இலக்கங்களோடு நின்றுவிடும்.

இருமுறை செய்தல்

யூஆர்எல்லில் இடைவெளி `%20` ஆகிறது. ஏற்கெனவே மாற்றப்பட்ட அந்த முகவரியை இன்னொரு நூலகத்திடம் கொடுத்தால், அது `%` குறியை `%25` ஆக்கி, `%2520` என்று தரும். மூன்றாம் முறை `%252520`. முகவரியில் எங்காவது `%25` என்று கண்டால், யாரோ இருமுறை மாற்றியிருக்கிறார்கள் என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும். இணைய முகவரிகளின் இலக்கணத்தை வகுத்து 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம் இதை வெளிப்படையாகவே தடுக்கிறது: ஒரே சரத்தை ஒரு முறைக்கு மேல் என்கோட் செய்யவும் கூடாது, டிகோட் செய்யவும் கூடாது.

டிகோட் செய்வதை ஆவணம் ஏன் சேர்த்துச் சொல்கிறது என்பதற்கு 2001-ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்றே போதும். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் இணையச் சேவையகம், வரும் பாதையை ஒரு முறை டிகோட் செய்து, அது அனுமதிக்கப்பட்ட கோப்புறைக்குள் இருக்கிறதா என்று சோதித்தது; சோதனை முடிந்தபின் தேவையில்லாமல் மீண்டும் ஒரு முறை டிகோட் செய்தது. இருமுறை என்கோட் செய்யப்பட்ட பின்சாய்வுக்கோடு சோதனையின்போது தீங்கற்ற எழுத்துகளாகத் தெரிந்து, சோதனைக்குப் பின் உண்மையான கோடாக மாறி, கோப்புறைக்கு வெளியே வழிவிட்டது. அந்த ஆண்டு மே மாதத்திலேயே அதற்கான திருத்தம் வெளியானபோதும், செப்டம்பரில் பரவிய நிம்டா என்ற கணினிப் புழு பயன்படுத்திய வழிகளுள் இதுவும் ஒன்று. டிகோட் செய்து முடித்த பிறகே சோதிக்க வேண்டும். சோதித்த பிறகு டிகோட் செய்யக்கூடாது.

இருமுறை எஸ்கேப் செய்வதைப் பிஎச்பி மொழி நெடுங்காலம் தன் இயல்பிலேயே வைத்திருந்தது. மேஜிக் கோட்ஸ் என்ற அமைப்பு, படிவத்திலிருந்து வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் பின்சாய்வுக்கோட்டுக்கும் முன்னால் தானாகவே ஒரு பின்சாய்வுக்கோட்டைப் போட்டது. அதை அறியாத நிரலர் தரவுத்தளத்துக்கு அனுப்பும்முன் தாமும் எஸ்கேப் செய்ய, ஓ'பிரையன் என்ற பெயர் ஓ`\'`பிரையன் என்று சேமிக்கப்பட்டது. அந்தப் பதிவைத் திருத்தத்துக்குத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்தாலே கோடுகள் மூன்றாகும், மறுமுறை ஏழாகும். உரை எங்கே போகப்போகிறது என்று தெரியாமலே நுழைவாயிலில் எஸ்கேப் செய்துவைப்பது இந்த அமைப்பின் அடிப்படைப் பிழை. அதை 5.4 பதிப்பில், 2012-ஆம் ஆண்டில், முற்றிலுமாக நீக்கிவிட்டார்கள். அந்தச் சிந்தனை மட்டும் போகவில்லை: கருத்துகளை எச்டிஎம்எல்லுக்காக எஸ்கேப் செய்தே தரவுத்தளத்தில் சேமிக்கும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. அதே கருத்து மின்னஞ்சலிலோ கைப்பேசிச் செயலியிலோ போகும்போது `&#39;` போன்றவை வெளியே தெரிகின்றன. சேமிப்பில் மூல உரை இருக்கட்டும். வெளியே போகும் வாயிலில் எஸ்கேப் செய்யலாம்.

வேறோர் எல்லையின் விதி

தரவுத்தளக் கேள்விகளில் எஸ்கேப் செய்வதே பெரும்பாலும் தவறு. மதிப்புகளை அளவுருக்களாகக் கேள்வியிலிருந்து தனியே அனுப்பும் வசதி ஏறக்குறைய எல்லாத் தரவுத்தளங்களிலும் இருக்கும்போது, மேற்கோள் குறிகளைக் கையால் மாற்றிக்கொண்டிருக்கக் காரணமே இல்லை. மாற்றுபவர்களும் விதிகளைக் கலந்துவிடுகிறார்கள்: எஸ்கியூஎல் தரவிதிப்படி ஒற்றை மேற்கோள் `''` என இரட்டிக்கப்படும், மைஎஸ்கியூஎல்லில் பின்சாய்வுக்கோடும் செல்லும். எழுத்துக் குறியாக்கம் தெரியாமல் கோட்டைச் செருகுவதிலும் ஆபத்து உண்டு. சீன ஜிபிகே குறியாக்கத்தில், செருகப்பட்ட கோட்டின் பைட்டைத் தனக்கு முந்தைய பைட் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஒரே சீன எழுத்தாகிவிட, காவலுக்கு வைத்த கோடு மறைந்து மேற்கோள் குறி மட்டும் வெளியே நிற்கும். அளவுருக்களைப் பயன்படுத்துவோரும் மறக்கும் ஒன்று: லைக் என்ற வடிவத் தேடலில், எத்தனை எழுத்துகளையும் குறிக்கும் `%` குறியும், ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும் அடிக்கோடும் அளவுருவுக்குள்ளும் சிறப்புப் பொருளை இழப்பதில்லை. 50% என்று தேடுபவருக்கு 500 இருக்கும் வரிகளும் வந்து சேரும்.

எச்டிஎம்எல்லுக்கான எஸ்கேப், பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தாங்கும் ஸ்கிரிப்ட் ஒட்டுக்குள் (டேக்) வேலை செய்யாது; அங்கே `&#60;` என்பது ஐந்து எழுத்துகளாகவே கிடக்கும். ஜேசானை அங்கே பொதிந்து வைப்பவர்கள், தரவுக்குள் வரும் `</` என்ற இணையை `<\/` என்று எழுதினால், ஒட்டு பாதியில் மூடப்படுவதைத் தவிர்க்கலாம். சாய்வுக்கோட்டை எஸ்கேப் செய்ய ஜேசான் அனுமதிக்கிறது. ஆனால் ஒற்றை மேற்கோளை `\'` என்று எழுத அது அனுமதிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பழக்கத்தில் அப்படி எழுதப்படும் கோப்பைக் கண்டிப்பான வாசிப்பான் நிராகரித்துவிடும்.

உரையில் வடிவங்களைத் தேடும் குறிமொழியான ரீஜெக்ஸில் இரண்டு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால்தான் ஒரே ஒரு பின்சாய்வுக்கோட்டைத் தேட ஜாவாவில் `"\\\\"` என்று எழுத நேர்கிறது: கம்பைலர் நான்கை இரண்டாக்குகிறது, ரீஜெக்ஸ் இரண்டை ஒன்றாகப் பொருள்கொள்கிறது. பின்சாய்வுக்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும் பைதானின் ரா சரங்கள் முதல் எல்லையை நீக்கி வேலையைப் பாதியாக்குகின்றன. ஆனால் ரா சரம்கூட ஒற்றைக் கோட்டில் முடிய முடியாது.

யூஆர்எல்லில் இன்னொரு சிறு பொறி, `+` குறி. படிவ விதிப்படி அது இடைவெளி. சி++ என்ற சொல்லை என்கோட் செய்யாமல் அனுப்பினால், மறுபுறத்துக்குச் சி என்ற எழுத்தும் இரண்டு இடைவெளிகளும்தான் போய்ச்சேரும்.

கைவேலையாக அன்எஸ்கேப் செய்தல்

எஸ்கேப் ஆன சரத்தை மீட்க, அதை மேற்கோள்களுக்குள் வைத்து ஈவல் செய்வது குறுக்குவழியாகத் தோன்றலாம். வெளியிலிருந்து வரும் உரையை நிரலாகவே இயக்குவது அது, ஒருபோதும் செய்யக்கூடாதது. பைதானில் பலர் நாடும் யூனிகோட்-எஸ்கேப் என்ற டிகோடர் பாதுகாப்பானதுதான், ஆனால் தமிழுக்கு ஆகாது. அது ஒவ்வொரு பைட்டையும் லத்தீன்-1 எழுத்தாகக் கொள்வதால், யூடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகளாக உள்ள `தமிழ்` என்ற சொல், பொருளற்ற 15 எழுத்துகளாகச் சிதைந்துவிடும். ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதித்தவர்களுக்கு இது கடைசிவரை தெரியாது. ஜேசானிலிருந்து வந்த சரமானால் ஜேசான் வாசிப்பானிடமே கொடுக்க வேண்டும். ஜேசானில் தமிழ் எழுத்துகள் எஸ்கேப் வடிவில் எழுதப்பட்டிருந்தால் தரவு கெட்டுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. பைதானின் ஜேசான் நூலகம் இயல்பாகவே ஆஸ்கிக்கு வெளியேயுள்ள எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதும். ஐந்து குறியெண்களாலான `தமிழ்` அங்கே 30 எழுத்துகளாகும், யூஆர்எல்லில் 45 ஆகும். நீளத்தை அளப்பதும் உரையை வெட்டுவதும் எஸ்கேப் செய்வதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்: எஸ்கேப் ஆனபின் வெட்டினால் `&#29` என்ற துண்டோ, மூடும் மேற்கோளை விழுங்கக் காத்திருக்கும் ஒற்றைக் கோடோ விளிம்பில் நிற்கக்கூடும்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் சரத்தில் இரு வகை மேற்கோள்கள், பின்சாய்வுக்கோடு, `&`, `<`, `%`, `+`, வரிமுறிவு, `\\0` போன்ற ஒரு வரிசை, தமிழ் எழுத்துகள், ஓர் இமோஜி ஆகியவை இருக்கட்டும். ஜேசானில் எஸ்கேப் செய்யும்போது இமோஜிக்குப் பெரும்பாலும் இரண்டு அடுத்தடுத்த எஸ்கேப்புகள் தேவைப்படும் என்பதால், அதை ஒரு குறியாக எண்ணி எழுதப்பட்ட நிரல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எஸ்கேப் செய்து அன்எஸ்கேப் செய்தால் பழைய சரமே வருகிறது என்பது மட்டும் போதிய சான்று அன்று. ஒரே கையால் எழுதப்பட்ட இரண்டு செயற்கூறுகள் ஒரே தவறை எதிரெதிர்த் திசையில் செய்தாலும் அப்படித்தான் வரும். நம் எஸ்கேப்பின் விளைவை, மறுமுனையில் உண்மையில் வாசிக்கப்போகும் நூலகத்திடம் கொடுத்து அதன் விடையோடு ஒப்பிட வேண்டும்.