மேட்ச் பார்த்தவர்களுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்

ஆங்கிலம் கற்றுக்கொள்ள என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் "தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி, தலையங்கத்தை விடாதே" என்பார்கள். தொடக்கத்தில் இருப்பவருக்கு அது சரிப்பட்டு வராது. விஷயமும் புதுசு, சொல்லும் புதுசு, வாக்கியமோ அரை முழ நீளம். ஒரு வாரத்தில் வெறுத்துவிடும். அதை விட்டுவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போங்கள். நேற்று ராத்திரி நீங்கள் முழுசாகப் பார்த்த மேட்ச்சைப் பற்றி எழுதியிருப்பார்கள். நடந்தது என்ன என்பது உங்களுக்கு அத்துப்படி, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் பாக்கி. (கிரிக்கெட் பிடிக்காதவர்கள், பார்த்து முடித்த சினிமாவின் விமர்சனத்தை எடுத்துக்கொள்ளலாம்.)

2011 ஏப்ரல் 2, வான்கடே மைதானத்தில் உலகக்கோப்பை இறுதிப்போட்டி. தோனி சிக்ஸர் அடித்ததும் வர்ணனையாளர் ரவி சாஸ்திரி சொன்னது நம்மில் பலருக்கு மனப்பாடம்: "தோனி ஃபினிஷஸ் ஆஃப் இன் ஸ்டைல்." அதே மூச்சில் "இண்டியா லிஃப்ட் த வேர்ல்ட் கப்" என்றும் வரும். ஃபினிஷஸ் என்பதில் கடைசியில் ஒரு 'ஸ்' இருக்கிறது, தோனி ஒருவர் என்பதால். லிஃப்ட் என்பதில் அது இல்லை, அங்கே இண்டியா என்றால் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும். அணியைப் பன்மையாக வைத்துப் பேசுவது பிரிட்டிஷ் வழக்கம், அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையில் சொல்வார்கள். "ஹி கோ", "ஷி சே" என்று அந்த 'ஸ்'ஸை விழுங்குவதுதான் நாம் அடிக்கடி செய்கிற பிழை, இந்த ஒரு வர்ணனையை வாய்விட்டுச் சொல்லிப் பழகினாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது காலம். மேட்ச் நடக்கும்போது வரும் செய்தியில் "இண்டியா ஹேவ் வொன் த டாஸ்" என்று இருக்கும், மறுநாள் பேப்பரில் "இண்டியா வொன் த டாஸ்" என்று இருக்கும். நம்மிடமும் இது உண்டு: டாஸ் ஜெயிச்சிருக்காங்க, டாஸ் ஜெயிச்சாங்க. ஆனால் தமிழில் "நேற்று வந்திருக்கிறார்" என்று தாராளமாகச் சொல்லலாம், ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், 2011 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் போடக் கூடாது. "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" தப்பு, "ஐ சா ஹிம் எஸ்டர்டே" சரி. அவ்வளவுதான் விதி, ஆனால் அது வாயில் ஏற வேண்டுமென்றால் இரண்டு செய்திகளையும் பக்கத்தில் வைத்துப் பத்துப் பதினைந்து மேட்ச்சாவது படித்திருக்க வேண்டும்.

'எ', 'த' இரண்டும் தமிழருக்குத் தலைவலி. முதல் முறை சொல்லும்போது "கோலி டுக் எ கேட்ச்", அதே கேட்ச்சை மறுபடி பேசும்போது "த கேட்ச்". இது புரிந்துவிடும். மைதானங்களின் பெயர்களில்தான் விதி கைகொடுக்காது: "அட் லார்ட்ஸ்" என்பார்கள், ஆனால் "அட் த ஓவல்", "அட் த காபா". ஏன் என்று குடைய வேண்டாம், அப்படியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சொற்களையும் தனித்தனியாக எழுதி வைக்காதீர்கள், அர்த்தம் தெரியும், பயன்படுத்தத் தெரியாது என்ற நிலைமை அதனால்தான் வருகிறது. நோட்டில் "டிராப் எ கேட்ச்", "வொன் பை 6 விக்கெட்ஸ்", "91 ஆஃப் (off) 79 பால்ஸ்" என்று கூட வரும் சொல்லோடு சேர்த்து எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதி பாருங்கள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டும் இணையத்தில் இலவசம். கேம்பிரிட்ஜில் பெயர்ச்சொல் பக்கத்தில் 'சி' அல்லது 'யு' என்று ஒரு குறி இருக்கும், ஆக்ஸ்ஃபோர்டில் அதையே முழுச் சொல்லாகப் போட்டிருப்பார்கள். எண்ண முடிவது சி, முடியாதது யு. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், அட்வைஸ் எல்லாம் யு, கடைசியில் 'ஸ்' சேர்க்கக் கூடாது.

பண்பாடும் இதே வழியில் வந்து சேரும். கஷ்டமான நிலைமையில் மாட்டினால் "ஸ்டிக்கி விக்கெட்" என்பார்கள், கிரிக்கெட்டிலிருந்து வந்தது. இதை அமெரிக்கரிடம் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகலாம், அங்கே பேஸ்பாலிலிருந்து வந்த "பால்பார்க் ஃபிகர்" (தோராயக் கணக்கு) போன்றவைதான் புழக்கம். அப்புறம் மரியாதை. "தண்ணி கொடுங்க" என்பதில் அந்த 'ங்க'வே போதும். "கிவ் மீ வாட்டர்" என்றால் அது காணாமல் போய்விடுகிறது, அதனால் "குட் (could) ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?" என்று கேள்வியாக மாற்றிவிடுங்கள்.

செய்தியைப் படித்து முடித்ததும் பக்கத்தை மூடிவிட்டு ஐந்தாறு வாக்கியம் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு அசலோடு ஒப்பிட்டு விட்டுப்போன 'த'வையும் 'ஸ்'ஸையும் சிவப்பில் குறியுங்கள். பேச்சுக்கு, ஹைலைட்ஸைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு நீங்களே வர்ணனை சொல்லுங்கள்: ஹி ரன்ஸ் இன், ஹி பௌல்ஸ், ஹி ஹிட்ஸ் இட். முதலில் பந்தின் வேகத்துக்கு வாய் வராது. டெஸ்ட் மேட்ச்சில் தொடங்குங்கள், ஓவருக்கு ஓவர் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.