முகமலரும் மலர்முகமும் ஒன்றல்ல: அணி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பாட்டையோ கதைப் பகுதியையோ கொடுத்து, 'இதன் நடையைப் பற்றி எழுதுங்கள்' என்றால் பத்து நிமிடத்தில் நோட்டு நிறைந்துவிடும். உவமை, உருவகம், எதுகை, மோனை, படிமம் என்று பெயர்கள் எல்லாம் வந்துவிடும். அவை அந்த வரியில் என்ன வேலை செய்கின்றன என்பது மட்டும் வராது. பெயர் வைப்பதிலும் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

அதிகம் சறுக்கும் இடம் உவமையும் உருவகமும். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம். 'போன்ற' என்கிற உவம உருபு மறைந்து நிற்கும் உவமைத்தொகை. திருப்பிப் போட்டு 'முகமலர்' என்றால் முகம் என்கிற மலர், அது உருவகம். தோவாளைச் சந்தையில் பூக்கட்டும் ஒருத்தியைப் பற்றி 'மலர்முகம் வாடியது' என்று எழுதினால், வாடியது முகம். பூ அதற்குத் துணைக்கு நிற்கிறது. 'முகமலர் வாடியது' என்றால் பூவே வாடிவிட்டது. முகம் அந்தப் பூவுக்குள் போய்விட்டது. பின்னால் நிற்கும் சொல்தான் தலைச்சொல், வினை அதோடுதான் சேரும். இதைப் பிடித்துக்கொண்டால் பவளவாய், வாய்ப்பவளம் எதிலும் குழப்பம் வராது. உருவகத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறார்கள் என்றும் பாருங்கள். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' குறளில் பிறவி கடலாகிறது. அதைக் கடக்க உதவும் இறைவன் அடி தெப்பமாக்கப்படவில்லை. பாதியைச் செய்து மீதியை நம்மிடம் விட்டுவிடுவதால் அது ஏகதேச உருவகம்.

அடுத்தது, 'போல' என்று கண்டதுமே உவமை என்று கோடு போடுவது. வேளிமலைப் பக்கம் வானம் கறுத்திருந்த ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்: "மழை வரும்போல இருக்குன்னு சொன்னா அதுவும் உவமைதானே சாரே?"

"இல்ல மக்களே, அது ஊகம். மழையை நீ எதோட ஒப்பிட்டே?"

'போல' இல்லாமலும் உவமை வரும். 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளில் உவமையும் பொருளும் தனித்தனி வாக்கியங்கள், நடுவில் உருபு இல்லை, எடுத்துக்காட்டு உவமை. 'பீலிபெய் சாகாடும்' குறளில் மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது மட்டும்தான் இருக்கிறது. சொல்ல வந்த பொருள் வெளியே வரவே இல்லை. அதனால் அது பிறிது மொழிதல்.

உவமை என்று சரியாகக் கண்டுபிடித்தவர்களும் பொதுத்தன்மையை, அதாவது இரண்டுக்கும் எது பொது என்பதை, கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். (அந்த நூலைக் கேட்டு ஏற்றவர் அதங்கோட்டாசான் என்கிறது பாயிரம். நம் மாவட்டத்து அதங்கோடுதான் அவருடைய ஊர் என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள்.) 'சக்கைப்பழம் (பலாப்பழம்) மாதிரி மனுஷன்' என்றால் மேலே உள்ள முள்ளைச் சொல்கிறார்களா, உள்ளே இருக்கும் சுளையையா? அதைக் கேட்டால்தான் வாக்கியம் திறக்கும்.

தற்குறிப்பேற்ற அணி பாவம், பிள்ளைகள் கையில் படாத பாடு படுகிறது. 'அலை சிரித்தது' என்பதற்கும் அந்தப் பெயரையே வைக்கிறார்கள். அது மனிதப் பண்பை ஏற்றுவது, அவ்வளவுதான். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை நிற்கும் பாறையில் அலை மோதுவது இயல்பாக நடப்பது. 'வள்ளுவரின் காலைத் தொட்டுக் கும்பிட அலைகள் ஏறி வருகின்றன' என்று அதற்கு நாமே ஒரு காரணத்தை ஏற்றிச் சொன்னால், அதுதான் தற்குறிப்பேற்றம்.

ஆகுபெயரை உருவகம் என்பதும் உண்டு. 'இன்றைக்குக் குளச்சலே கடலுக்குப் போகவில்லை' என்றால் ஊரின் பெயர் மீனவர்களுக்கு ஆகி வருகிறது, இடவாகுபெயர். இதில் ஒப்புமையே கிடையாது.

எதுகை, மோனைக்குப் பேருந்துப் பெயர்ப்பலகை போதும். தக்கலை, முக்கடல்: இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது, எதுகை. தக்கலை, பாக்கு என்றால் ஆகாது. முதலெழுத்தில் ஒன்று குறில், ஒன்று நெடில். முதலெழுத்து ஒன்றுவது மோனை. மார்த்தாண்டம், வட்டக்கோட்டையும் மோனைதான். மகரத்துக்கு வகரம் இனம் என்பது தெரியாமல் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மாத்தூர், தேரூர் என்று கடைசியில் ஒலிப்பது இயைபு, அதை எதுகை என்று எழுதக் கூடாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது பெயரோடு நின்றுவிடுவதுதான். தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. முப்பத்தைந்தையும் ஒப்பிக்கிற மாணவி ஒருத்தி, 'தேவர் அனையர் கயவர்' குறளுக்கு 'உவமை' என்று மட்டும் எழுதியிருந்தாள். 'அனையர்' உவமைச் சொல்தான், சரி. ஆனால் தேவரோடு ஏன் கயவரை ஒப்பிட வேண்டும் என்று கேட்டேன். திரும்பப் படித்தாள். தேவர்களை அதட்ட மேலே ஆள் இல்லை, கயவர்களும் யாருக்கும் அடங்குவதில்லை. இருவரும் 'மேவன', அதாவது விரும்பியவற்றை, செய்து நடப்பவர்கள் என்கிறது குறள். 'வஞ்சப்புகழ்ச்சி' (புகழ்வதுபோலப் பழிப்பது) என்று திருத்திவிட்டு, அப்புறம் அவளாகவே கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'மேவன என்ற சொல் வரும்வரை இது பாராட்டு என்றே நினைத்தேன்.'