‘வித்தியாசமான’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

படம் வித்தியாசமா இருக்கு. அந்த மனுஷர் கொஞ்சம் வித்தியாசமானவர். ரசத்துல ஏதோ வித்தியாசமான வாசனை. தமிழில் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டிவிடலாம். பாராட்டா, சந்தேகமா, முகச்சுளிப்பா என்பதைக் குரல் சொல்லிவிடும்.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத உட்காரும்போதுதான் சிக்கல். ‘டிஃபரென்ட்’ என்று போட்டால், எதைவிட டிஃபரென்ட் என்று படிப்பவர் காத்திருப்பார். சரி என்று ஒத்தசொல் அகராதியைத் திறந்தால் ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், பெக்யூலியர், அன்யூஷுவல், ரேர், யுனீக், பிசார், எக்சென்ட்ரிக் என்று ஒரு கூட்டமே வந்து நிற்கும். எல்லாம் ஒரே பொருள் என்பதுபோல வரிசையாக இருக்கும். அந்த வரிசையை நம்பி ஒன்றை எடுத்துப் போடாதீர்கள்.

பழகிப் பார்க்க நமக்கு ஒரு விலங்கு வேண்டும். பிளாட்டிபஸ் சரியாக இருக்கும். கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழ்வது. வாத்துபோல அலகு, பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்குபோலத் தட்டையான வால், பாலூட்டி, ஆனால் முட்டையிடும். ஆணின் பின்னங்காலில் நஞ்சுள்ள முள் வேறு.

படி 1: எண்ணுகிறீர்களா, உணர்கிறீர்களா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

வேறு ஊரிலிருந்து உங்கள் மின்னஞ்சல் கணக்கில் யாராவது நுழைந்தால் ‘அன்யூஷுவல் சைன்-இன் ஆக்டிவிட்டி’ என்று எச்சரிக்கை வரும். ஏன் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்று வருவதில்லை? அந்த இயந்திரத்துக்கு வியப்பும் கிடையாது, பயமும் கிடையாது. தினமும் சென்னையிலிருந்து நுழைகிறவர் இன்று வேறெங்கிருந்தோ நுழைகிறார். வழக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதே செய்தியைப் பார்த்துவிட்டு நீங்கள் நண்பரிடம் சொல்லும்போது ‘தட்ஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்பீர்கள். இப்போது உங்கள் மனசு உள்ளே வந்துவிட்டது.

எத்தனை தடவை நடக்கிறது, எத்தனை இருக்கிறது என்று சொல்லும் சொற்கள் ஒரு பக்கம்: அன்காமன், அன்யூஷுவல், ரேர், யுனீக். பார்க்கிறவருக்கு எப்படிப் படுகிறது என்று சொல்பவை இன்னொரு பக்கம்: ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், பிசார். அலுவலகக் கடிதம், அறிக்கை, ஆய்வுக் கட்டுரை என்றால் பெரும்பாலும் முதல் பக்கத்திலிருந்து எடுங்கள்.

படி 2: எண்ணும் சொற்களில் அளவு பாருங்கள்

அன்காமன், அன்யூஷுவல் இரண்டும் மிதமானவை. அடிக்கடி இல்லை, ஆனால் கேள்விப்படாததும் இல்லை. அதற்கு மேலே ரேர். உச்சியில் யுனீக்: உலகத்தில் ஒன்றே ஒன்று. அதனால்தான் ‘வெரி யுனீக்’ என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்த பலர் முகம் சுளிக்கிறார்கள். ஒன்றே ஒன்று என்றான பிறகு அதில் என்ன ‘ரொம்ப’? பேச்சில் எல்லோரும் சொல்லத்தான் செய்கிறார்கள். எழுத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ரேர் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு பம்பாய் இரத்த வகை. 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ‘ரேர் பிளட் குரூப்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஸ்ட்ரேஞ்ச் பிளட் குரூப்’ என்றால் பாவம், அந்த நோயாளியை வேற்றுக்கிரகவாசி ஆக்கிவிடுவீர்கள்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி இடறுகிற இடம் ரேர், ஸ்கேர்ஸ் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ‘கோடையில் தண்ணீர் கிடைப்பது அரிது’ என்பதை அப்படியே மாற்றி ‘வாட்டர் இஸ் ரேர்’ என்று எழுதிவிடுகிறோம். தேவையான ஒன்று இப்போது போதவில்லை என்றால் அது ஸ்கேர்ஸ். இயல்பாகவே எப்போதாவதுதான் நிகழ்வது ரேர். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது ரேர் நிகழ்வு. ஆனால் பூக்கிற ஆண்டில் மூணாறு மலைச்சரிவு முழுக்க நீலம். அன்றைக்கு அந்தப் பூ ஸ்கேர்ஸ் இல்லை. (பெயரை நம்பக்கூடாது என்பதற்கு ‘ரேர் எர்த்’ தனிமங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான சீரியம் பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கு உண்டு.)

பிளாட்டிபஸுக்கு வருவோம். அதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் இனம் அது ஒன்றுதான். எனவே அந்தக் குடும்பத்தில் யுனீக். முட்டையிடும் பாலூட்டி என்ற வகையில் அன்யூஷுவல்தான், யுனீக் இல்லை, ஏனென்றால் எகிட்னா என்ற முள்ளுடல் பாலூட்டிகளும் முட்டையிடும். கூச்ச சுபாவம் உள்ள விலங்கு, அந்தி நேரத்தில் வெளியே வருவது என்பதால் ‘ரேர்லி சீன்’ என்று தாராளமாக எழுதலாம். கண்ணில் படாததை வைத்து எண்ணிக்கையே குறைவு என்று தாவாதீர்கள்.

படி 3: உணர்வுச் சொற்களில் சூடு பாருங்கள்

ஆட் என்பதில் சூடு குறைவு. ஒற்றைப்படை எண்ணுக்கு ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஜோடி சேராமல், வரிசையில் பொருந்தாமல் ஒன்று தனியாக நிற்கிறது என்ற வாடை இன்றும் அதில் உண்டு. கணக்கு இடிக்கும்போது, நேரம் ஒத்துவராதபோது ‘தட்ஸ் ஆட்’ பொருத்தம்.

ஸ்ட்ரேஞ்ச் நடுவில் இருப்பது, எங்கேயும் செல்லும். அதன் லத்தீன் வேர் ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற பொருள் கொண்டது. ஸ்ட்ரேஞ்சர் அதன் உறவுக்காரர். பழக்கமில்லாதது, விளங்காதது என்றால் இதை எடுங்கள். ஆனால் ‘ஐ ஆம் ஸ்ட்ரேஞ்ச் ஹியர்’ என்று சொல்லிவிடாதீர்கள், நீங்களே விசித்திரப் பிறவி என்றாகிவிடும். ஊருக்குப் புதிது என்றால் ‘ஐ ஆம் எ ஸ்ட்ரேஞ்சர் ஹியர்’.

வியர்ட் பேச்சுவழக்குச் சொல். பழைய ஆங்கிலத்தில் விதியைக் குறித்த சொல் தேய்ந்து தேய்ந்து இங்கே வந்து நிற்கிறது. வாட்ஸ்அப்பில் சரி, வேலைக்கான விண்ணப்பத்தில் வேண்டாம். பிசார் எல்லாவற்றையும் விட உக்கிரம்: ‘இது எப்படி நடக்கும்?’ என்று வாய் பிளக்க வைப்பதற்கு மட்டும். வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தினால் அதன் காரம் போய்விடும்.

வீட்டு மிக்ஸி கரகரவென்று சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு வந்த கையேட்டில் ‘அன்யூஷுவல் நாய்ஸ்’ கேட்டால் நிறுத்தவும் என்று இருக்கும். பழுது பார்ப்பவருக்கு எழுதும்போது ‘ஸ்ட்ரேஞ்ச் நாய்ஸ்’. தோழிக்கு அனுப்பும் குரல்பதிவில் ‘வியர்ட் நாய்ஸ்’. சத்தம் ஒன்றேதான், யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

1799-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய உயிரியலாளர் முதன்முதலில் பிளாட்டிபஸை அறிவியல்முறையில் விவரித்தார். கையில் இருந்தது பதப்படுத்திய உடல் மட்டும். யாரோ வாத்தின் அலகை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்ற ஐயம் அவருக்கே இருந்தது. தையல் தெரிகிறதா என்று பார்த்ததாகவும் சொல்வார்கள். அந்த மனநிலைக்கு பிசார் தகும். இன்றைய விலங்கியல் பாடநூலுக்குத் தகாது.

படி 4: பெக்யூலியர் பக்கம் கவனமாகப் போங்கள்

இது தனிப் படி ஆனதற்குக் காரணம், நம் ஊர் ஆங்கிலத்தில் பெக்யூலியரைப் பலர் ‘தனிச்சிறப்பான’ என்ற பொருளில் எழுதுகிறார்கள். ‘உங்கள் கடை அல்வாவுக்கு ஒரு பெக்யூலியர் டேஸ்ட்’ என்று பாராட்டி எழுதினால், படிக்கும் வெளிநாட்டவருக்கு அல்வா கெட்டுப்போய்விட்டது என்றே தோன்றும். அங்கே ‘டிஸ்டிங்டிவ்’ அல்லது ‘ஸ்பெஷல்’ போடுங்கள்.

பின்னால் ‘டு’ சேர்ந்தால் கதையே வேறு. ‘பெக்யூலியர் டு ஆஸ்திரேலியா’ என்றால் அங்கே மட்டும் உரியது. குறை எதுவும் இல்லை. பிளாட்டிபஸுக்கு அப்படியே பொருந்தும். உண்மையில் இதுதான் அந்தச் சொல்லின் முதல் அர்த்தம். லத்தீனில் கால்நடையைக் குறித்த சொல்லிலிருந்து சொந்தச் சொத்து, அதிலிருந்து ஒருவருக்கே உரியது என்று வளர்ந்தது. பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வம்தானே.

படி 5: ஆளைப் பற்றியா?

ஆளுக்கு ஸ்ட்ரேஞ்ச், வியர்ட், ஆட் எல்லாமே கொஞ்சம் குத்தும். பழக்கவழக்கம் விநோதம், ஆனால் தீங்கில்லாதவர், ஒருவேளை மேதை என்றால் எக்சென்ட்ரிக். மையத்திலிருந்து விலகியது என்பது அதன் கிரேக்கப் பொருள். கோள்களின் பாதை வட்டத்திலிருந்து விலகி எவ்வளவு நீள்வட்டமாக இருக்கிறது என்பதற்கும் இதே சொல்லிலிருந்துதான் அளவு. அப்நார்மல் மருத்துவ அறிக்கையோடு நிற்கட்டும், மனிதர்மேல் ஒட்டாதீர்கள். பழைய பாடப்புத்தகங்களில் விநோதம் என்ற பொருளில் வரும் ‘குவியர்’ இன்று பால்புதுமையினரைக் குறிக்கிறது. பழைய பொருளில் எழுதாதீர்கள்.

படி 6: பாராட்டா?

அப்படியானால் எக்ஸ்ட்ராஆர்டினரி, எக்செப்ஷனல், ரிமார்க்கபிள். மூன்றில் ரிமார்க்கபிள் அடக்கமானது, பரிந்துரைக் கடிதத்துக்கு ஏற்றது.

படி 7: ஜோடியைச் சரிபாருங்கள்

தேர்ந்தெடுத்த சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அல்லது லாங்மேன் மாணவர் அகராதியில் தேடுங்கள். மூன்றும் இணையத்தில் இலவசம். பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் படியுங்கள். ரேர் புக் (அரிய நூல்), ஆட் ஜாப்ஸ் (சில்லறை வேலைகள்), ஃப்ரீக் ஆக்சிடென்ட் (யாரும் எதிர்பாராத விபத்து) என்று சில ஜோடிகள் பிரியாதவை. உங்கள் பெயர்ச்சொல் அங்கே எதனோடும் சேரவில்லை என்றால் படி 1-க்குத் திரும்புங்கள்.

இப்போது மூன்று பயிற்சி. மார்கழியில் சென்னையில் கொளுத்தும் வெயில், வானிலைக் குறிப்பு எழுதுகிறீர்கள். பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறீர்கள். மழையில்லாத நாளிலும் குடையோடு மட்டுமே நடமாடும் பேராசிரியரை அன்போடு அறிமுகப்படுத்துகிறீர்கள். விடை: அன்யூஷுவல், ஸ்ட்ரேஞ்ச், எக்சென்ட்ரிக். இரண்டாவதற்கு ஆட் என்று எழுதியிருந்தாலும் மதிப்பெண் உண்டு, உங்களுக்குப் பயம் கொஞ்சம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறேன்.