மதர்போர்டு மாற்றிய பின் உயிர் வராத கம்ப்யூட்டர்

மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். பவர் பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு நொடி சுற்றி நின்றுவிடும். திரையில் ஒன்றும் வராது, பீப் சத்தமும் இல்லை.

முதலில் ரேமைச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். பிறகு பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பிராசசருக்கான 8 பின் இணைப்பும் சரியாகவே இருந்தது. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கி மாற்றியும் அதே கதை. மூன்று நாள் போனது.

கடைசியில் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து இயக்கினேன். உடனே பயாஸ் திரை வந்தது! அப்படியானால் கோளாறு கேபினெட்டில்தான்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு, புதியது முழு ஏடிஎக்ஸ் என்ற பெரிய அளவு. பழையதன் கீழ்வரிசைத் திருகுத் துளைகளில் ஒன்றைத் தாங்கிய, கேபினெட்டில் திருகியிருந்த சிறு பித்தளைத் தாங்கி ஒன்று அப்படியே நின்றிருந்தது. புதிய போர்டில் அந்த இடத்தில் துளை இல்லை. தாங்கியின் தலை பின்பக்கச் சால்டர் முனைகளில் முட்டி ஷார்ட் ஆகியிருக்கிறது. போர்டின் பின்புறம் மெல்லிய வட்டத் தடம்கூட இருந்தது. அந்தத் தாங்கியைத் திருகி எடுத்தேன், முதல் அழுத்திலேயே ஓடியது. போர்டு கருகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.